இல்லாத துப்பாக்கியின் நகல்

ஹான் சோலோவின் இடுப்பில் தொங்கும் பிளாஸ்டர் துப்பாக்கி எந்த விண்மீன் மண்டலத்திலும் பிறந்ததல்ல. 1977-இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்காக, லண்டனில் திரைப்படங்களுக்கு ஆயுதங்களை வாடகைக்கு விட்டுவந்த பாப்டி நிறுவனத்தின் கிடங்கிலிருந்து ஒரு மவுசர் சி96 கைத்துப்பாக்கியை எடுத்தார்கள். ஜெர்மனியின் ஓபெர்ன்டோர்ஃப் நகரில் 1896 முதல் உற்பத்தியான மாதிரி அது. அதன்மேல் ஹென்சோல்ட் நிறுவனத்தின் குறிநோக்கி ஒன்றை ஏற்றினார்கள். குழல் முனையில் எம்ஜி 81 என்ற விமான இயந்திரத் துப்பாக்கியின் சுடர்மறைப்பை மாட்டினார்கள். பக்கவாட்டில் எதிலிருந்தோ கழற்றிய உலோகத் துண்டுகளை ஒட்டினார்கள். கையில் இருந்த பணம் குறைவு. அதனால் எல்லாவற்றையும் புதிதாக வடிவமைப்பதற்குப் பதிலாக, இருப்பதைக் கோத்து இல்லாததைக் காட்டும் வழியை அரங்க அலங்காரப் பொறுப்பாளர் ரோஜர் கிறிஸ்டியனும் அவருடைய குழுவும் எடுத்தார்கள். அதே படத்தின் வெள்ளைக் கவச வீரர்கள் ஏந்துவது பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்டெர்லிங் துப்பாக்கி. குழலிலுள்ள துளைகள்மீது பிளாஸ்டிக் பட்டைகளை ஒட்டியதும் அது வேற்றுலக ஆயுதமாயிற்று. படத்தின் நாயகன் லூக்கின் ஒளிவாள், பழைய பத்திரிகைக் கேமராக்களுக்கான கிராஃப்லெக்ஸ் ஃபிளாஷின் கைப்பிடி. கலை இயக்கத்துக்கான ஆஸ்கர் 1978-இல் இந்தக் குழுவுக்குத்தான் போனது. இன்று உலகின் பல மூலைகளில் ஆர்வலர்கள் இந்தத் துப்பாக்கியை வீட்டு மேசையில் வைத்துச் செய்கிறார்கள். பட்டறையோ கடைசல் எந்திரமோ பலரிடம் கிடையாது. ரம்பம், அரம், கைத்துரப்பணம், உளி, உப்புத்தாள், கொஞ்சம் எபாக்ஸிப் பசை, அவ்வளவுதான். செய்து முடித்ததை நகல் என்கிறார்கள். எதன் நகல் என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது.

நகலைப் பற்றிய மேற்கத்தியச் சிந்தனை பெரும்பாலும் பிளேட்டோவின் கட்டிலில் வந்து நிற்கும். ‘குடியரசு’ நூலின் பத்தாம் பகுதியில் அவர் மூன்று கட்டில்களைக் காட்டுகிறார்: கடவுள் ஆக்கிய கட்டில் என்னும் மூலவடிவம், அதைப் பார்த்துத் தச்சன் செய்யும் கட்டில், தச்சனுடையதைப் பார்த்து ஓவியன் தீட்டும் கட்டில். ஓவியன் உண்மையிலிருந்து மூன்றாம் படியில் நிற்கிறான். அவனுக்குக் கட்டிலைப் பற்றி ஏதும் தெரிய வேண்டியதில்லை. ஒரு பக்கத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்பது போதும். இந்தப் படிக்கட்டில் பிளாஸ்டரை ஏற்றிப் பார்த்தால் மேல்படியே இல்லை. ஒளிக்கதிரால் சுடும் அந்தத் துப்பாக்கி எங்கும் இருந்ததில்லை. ஆகவே படப்பிடிப்பில் பயன்பட்ட பொருள் எதனுடைய நகலும் அல்ல. மூலமும் அல்ல, ஏனென்றால் அது தன்னை வேறொன்றாகக் காட்டிக்கொள்வதற்கென்றே செய்யப்பட்ட வேடம். வேடத்தை நகலெடுப்பவர் வேடத்தை நகலெடுக்கிறாரா, வேடத்தின் வழியாகத் தெரியும் கற்பனைப் பொருளையா? பிளேட்டோவின் கணக்கில் இவர் நான்காம் படிக்கு இறங்கிவிட்டார் என்று சொல்லி விவகாரத்தை முடித்துவிடலாம். ஆனால் அப்படி முடிப்பவர்கள் வேலை நடக்கும் மேசையைப் பார்ப்பதில்லை.

மேசையில் நடப்பது இது. படத்தின் காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்து அளவெடுக்க வேண்டும். திரையில் தெரியும் பொருளுக்கு அளவுகோல் கிடையாது. ஆனால் உள்ளே இருப்பது மவுசர் என்று தெரியும், அதன் குழல் நீளம் 140 மில்லிமீட்டர் என்றும் தெரியும். தெரிந்த அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, குறிநோக்கியின் தடிமன், சுடர்மறைப்பின் விளிம்பு என்று தெரியாதவற்றை விகிதத்தால் கணக்கிட வேண்டும். கேமரா லென்ஸ் அருகிலிருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் என்பதால் ஒரே காட்சியை நம்பக் கூடாது. பிறகு பலகையில் உருவரை வரைந்து அறுத்து, இரண்டு மூன்று அடுக்குகளை ஒட்டி, அரத்தால் வளைவுகளை இறக்க வேண்டும். குறிநோக்கிக்கு வெவ்வேறு விட்டமுள்ள பிவிசி பைப்புகளை ஒன்றினுள் ஒன்று செருகலாம். இணைப்புகளை எபாக்ஸி மக்கால் அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி தேய்த்து, கறுப்பு பூச வேண்டும். மரம் எஃகாக மாறுவது கடைசிக் கட்டத்தில்தான்: விளிம்புகளில் மட்டும் வெள்ளி நிறத்தையோ கிராஃபைட் பொடியையோ தேய்த்து, பூச்சு உதிர்ந்து அடியிலுள்ள உலோகம் தெரிவதுபோல் ஆக்குகிறார்கள். இந்தத் தேய்மானத்தை மனம்போனபடி போட்டால் பொருள் உடனே பொய்யாகத் தெரியும். உறையிலிருந்து உருவும்போது எந்த முனை உரசும், கட்டைவிரல் எங்கே அடிக்கடி படும், கீழே வைத்தால் எந்தப் பக்கம் தரையில் மோதும் என்று யோசித்துத்தான் போட முடியும். பொருளைப் பற்றிய உண்மையான அறிவு பயன்படுத்துகிறவனிடமே உண்டு, குழலூதுபவன் சொன்னால்தான் குழல் செய்பவனுக்குத் தெரியும், போலி செய்பவனுக்கு இந்த அறிவு எதுவும் இல்லை என்று அதே பத்தாம் பகுதியில் பிளேட்டோ வாதிடுகிறார். யாரும் பயன்படுத்தியிராத ஒன்றைப் பயன்படுத்துகிறவனின் கையை ஊகித்தால் ஒழிய இந்தப் போலியைச் செய்யவே முடியாது என்பது அந்த வாதத்துக்கு நேரடியான மறுப்பு.

இந்த இடத்தில் செய்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். படத்தில் இருந்தபடியே வேண்டும் என்பது ஒரு கட்சி. பக்கவாட்டுத் துண்டு சற்றுக் கோணலாக ஒட்டப்பட்டிருந்தால் கோணலாகவே ஒட்ட வேண்டும்; திருகாணி ஒன்று இல்லையென்றால் இவர்களிடமும் இருக்கக் கூடாது. கதையில் எப்படி இருந்திருக்குமோ அப்படி வேண்டும் என்பது மற்றக் கட்சி. விண்மீன் மண்டலத்துத் தொழிற்சாலையில் கோணலாக ஒட்டியிருக்க மாட்டார்கள். எனவே நேராக்கு, விடுபட்டதை நிரப்பு, விளக்கு எரியட்டும். முதல் கட்சி விசுவாசம் காட்டுவது லண்டன் கிடங்குக்கு. இரண்டாம் கட்சி கற்பனைக்கு. இரண்டிலும் குறை இருக்கிறது. முதல் கட்சிக்கு ஒட்டியவரின் அவசரமும் வடிவமைப்பும் ஒன்றுதான். வாடகைப் பொருளின் தற்செயலுக்கு அது வேதத்தின் தகுதியைக் கொடுத்துவிடுகிறது. இரண்டாம் கட்சி, எங்குமில்லாத ஒன்றோடு ஒப்பிட்டு இருப்பதைத் திருத்துகிறது. அந்தத் திருத்தம் சரியா தவறா என்று யார் சொல்வது?

மூன்றாவது விடைக்கு நம் சைவ சித்தாந்தப் பள்ளியில் தினமும் புழங்கும் பாகுபாடு ஒன்று கைகொடுக்கும். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். உலகம் இறைவனால் ஆக்கப்பட்டது என்று நிறுவ எழுந்த வாதத்தில் வரும் பாகுபாடு இது. அந்தக் கடலிலிருந்து ஒரு கை நீரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நகலைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் முதற்காரணத்தையோ உருவத்தையோ ஒப்பிடுகிறோம்: அதே எஃகா, அதே வடிவா. பிளாஸ்டரில் இவ்விரண்டுமே சிறப்பானவை அல்ல. மவுசரின் எஃகு எல்லா மவுசரிலும் இருக்கிறது. குறிநோக்கியின் உருவம் எல்லாக் குறிநோக்கிக்கும் உரியது. அந்தக் கோவையில் படக்குழுவுக்கே உரியதாக இருந்தது செய்த விதம் மட்டும்தான்: வேறொன்றுக்காகப் பிறந்த பாகங்களை, சிறிய கருவிகளால், பார்ப்பவர் நம்பும் அளவுக்கு, அதற்கு மேல் ஒரு மணி நேரம்கூடச் செலவிடாமல் இணைப்பது. மூலத்தில் மூலமாக இருந்தது நிமித்தமும் துணையுமே என்றால், உண்மையான நகல் என்பதும் அவற்றை மறுபடி நிகழ்த்துவதாகத்தான் இருக்க முடியும். பலகையும் பைப்பும் கொண்டு கையால் செய்த துப்பாக்கி, எடையிலும் பொருளிலும் மூலத்திலிருந்து வெகுதூரம். ஆனால் இருப்பதைக் கோத்து இல்லாததைக் காட்டும் அந்தச் செயலுக்கு, ஆயிரக்கணக்கான டாலருக்கு வாங்கிய அசல் பாகங்களால் கோத்ததைவிட அது நெருக்கமானது.

இப்படிச் சொன்னதும் எழும் முதல் மறுப்பு எளிதில் ஊகிக்கக்கூடியது. செய்த விதம்தான் முக்கியம் என்றால், குப்பையிலிருந்து எதையாவது பொறுக்கி எப்படியாவது ஒட்டினாலும் அது ஹான் சோலோவின் துப்பாக்கியாகிவிடுமே. உருவத்துக்கு இடமே இல்லையா? இடம் உண்டு, ஆனால் வேறு இடம். தத்துவவாதி நெல்சன் குட்மன் 1968-இல் வெளியிட்ட ‘கலையின் மொழிகள்’ நூலில் கலைகளை இரண்டாகப் பிரித்தார். ஓவியம் போன்றவற்றில் கலைஞனின் கைபட்ட அந்த ஒன்றுதான் அசல்; மற்றதெல்லாம் போலி. இசையில் அப்படியல்ல: குறிப்பை ஒத்துப் பாடியதெல்லாம் அந்தப் பாடலேதான். தியாகராஜரின் கீர்த்தனையை இன்று ஒருவர் பாடினால் அதைப் போலிக் கீர்த்தனை என்று யாரும் சொல்வதில்லை. தப்பாகப் பாடினார் என்று வேண்டுமானால் சொல்வார்கள். திரைப்படப் பொருள் ஓவியத்தின் கணக்கில் பிறந்து, இசையின் கணக்குக்கு இடம்பெயர்ந்துவிட்டது என்பது என் கருத்து. படத்தின் காட்சிகளே இப்போது குறிப்பு. உருவம் அந்தக் குறிப்பாக நின்று கையைக் கட்டுப்படுத்துகிறது. எல்லையை மீறினால் தப்பு தெரிந்துவிடுகிறது. ஆனால் குறிப்பே கீர்த்தனை அல்ல.

இந்த இடப்பெயர்ச்சி நடந்ததற்கு நல்ல சான்று ‘ஸ்டார் வார்ஸி’ல் இல்லை, ‘பிளேட் ரன்னரி’ல் இருக்கிறது. 1982-இல் வெளிவந்த அந்தப் படத்தில் நாயகன் டெக்கர்ட் ஏந்தும் துப்பாக்கி, சார்ட்டர் ஆர்ம்ஸ் நிறுவனத்தின் புல்டாக் ரிவால்வரையும் ஆஸ்திரிய ஸ்டெயர் மான்லிக்கர் வேட்டைத் துப்பாக்கியின் இயங்குபகுதியையும் கோத்துச் செய்தது. இரண்டு விசைகள், ஒளி ஊடுருவும் தேன்நிறக் கைப்பிடி, பக்கத்தில் சிறிய சிவப்பு, பச்சை விளக்குகள். படம் முடிந்தபின் அது எங்கே போயிற்று என்று ஆர்வலர்களுக்குத் தெரியவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, இருட்டும் மழையும் நிறைந்த காட்சிகளைப் பார்த்தே பாகம் பாகமாக அடையாளம் கண்டு செய்து வந்தார்கள். 2006-இல் கலிஃபோர்னியாவின் அனாஹைமில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் அசல் பொருள் காட்சிக்கு வந்தபோதுதான் தங்கள் ஊகங்களைச் சரிபார்க்க வாய்த்தது. அந்த இடைக்காலத்தில் உலகத்தில் அந்தத் துப்பாக்கியைப் பற்றி இருந்த அறிவில் பெரும்பகுதி நகலெடுத்தவர்களிடம்தான் இருந்தது. ஒரு படத்தின் அவசரத்துக்குச் செய்து கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனவர்களுக்கு அத்தனை நுணுக்கம் தேவைப்பட்டிருக்காது. அசலைப் பார்க்காமலே அசலை அறிந்தவர்கள் என்ற இந்த வகைக்குப் பிளேட்டோவின் படிக்கட்டில் இடமில்லை. செயற்கை மனிதர்களை வேட்டையாடும் ஒரு கதையின் துப்பாக்கிக்கு இது நேர்ந்தது என்பதை ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

இரண்டாம் மறுப்பு இதைவிடக் கனமானது. என்ன வாதிட்டாலும் மனிதர்கள் அசலுக்குத்தான் விலை கொடுக்கிறார்கள். ‘பிளேட் ரன்னர்’ துப்பாக்கி 2009-இல் 2,70,000 டாலருக்கு ஏலம் போனது. 2022-இல் அமெரிக்காவின் ராக் ஐலண்ட் ஏல நிறுவனம் 1977 படத்தின் ஹான் சோலோ துப்பாக்கியைப் பத்து லட்சம் டாலருக்கு மேல் விற்றது. தொட்ட பொருளுக்கென்று ஒரு மகிமை இருப்பதாகச் சமயங்களும் நம்புகின்றன. புனிதர்களின் எலும்பையும் புத்தரின் பல்லையும் தேடி மனிதர்கள் கண்டம் விட்டுக் கண்டம் போயிருக்கிறார்கள். இந்த மகிமை பொருளில் இருக்கிறதா என்ற கேள்வியைப் பிலிப் கே. டிக் 1962-இல் வெளிவந்த தம் ‘தி மேன் இன் த ஹை காசில்’ நாவலில் கொடூரமாகவே கேட்டுவிட்டார். அங்கே ஒரு பாத்திரம் இரண்டு சிகரெட் லைட்டர்களை எடுத்துக் காட்டுகிறான். ஒன்று, கதைப்படி, அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கொல்லப்பட்டபோது அவர் பையில் இருந்தது, மற்றது சாதாரணம். கையில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. வேறுபாட்டைச் சொல்ல ஒரு சான்றிதழ்தான் வேண்டும். ‘பிளேட் ரன்னர்’ கதையின் மூல நாவலை எழுதியவரும் இதே டிக்தான். பத்து லட்சம் டாலர் துப்பாக்கியின் கதையோ இன்னும் விசித்திரமானது. அந்த மவுசர் ‘ஸ்டார் வார்ஸு’க்கு முன்பே வேறு படங்களில் நடித்துவிட்டது. படப்பிடிப்பு முடிந்ததும் பாகங்கள் பிரிக்கப்பட்டு, மவுசர் மறுபடி வெறும் மவுசராகிக் கிடங்குக்குத் திரும்பியது. பின்னாளில், காணாமற்போன பாகங்களுக்குப் பதிலாக நகல் பாகங்களை வைத்து அதை மறுபடி கோத்தார்கள். தேரின் அச்சைக் காட்டி இதுவா தேர், சக்கரத்தைக் காட்டி இதுவா தேர் என்று மிலிந்த மன்னனை மடக்கிய பௌத்தத் துறவி நாகசேனர் அந்த ஏலத்தில் உட்கார்ந்திருந்தால், இடைப்பட்ட ஆண்டுகளில் பிளாஸ்டர் எங்கே இருந்தது என்று கேட்டிருப்பார். எங்கும் இல்லை என்பதே நேர்மையான பதில். கோத்தபோது இருந்தது, பிரித்தபோது போயிற்று, மறுபடி கோத்தபோது வந்தது.

தொட்ட பொருளின்மீது மனிதருக்குள்ள பற்றை நான் ஏளனம் செய்யவில்லை. வரலாற்றின் சாட்சியாகப் பொருளுக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்தப் பற்று நகல் செய்பவர்களையும் பிடித்துக்கொள்ளும்போது என்ன ஆகிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒளிவாளுக்காகப் பழைய கிராஃப்லெக்ஸ் ஃபிளாஷ்களைத் தேடி வாங்கி அறுத்ததில் அவை கிடைப்பதே அரிதாகி, பழங்கேமரா சேகரிப்பவர்கள் வெகுநாளாகப் புலம்புகிறார்கள். பிளாஸ்டரின் அசல்தன்மைக்காக நூறாண்டு பழைய மவுசரைத் துளையிடுகிறவர், ஒரு வேடத்துக்காக உண்மையான ஒரு வரலாற்றுச் சாட்சியை அழிக்கிறார். முதற்காரணத்தில் அசலைத் தேடுவது இப்படி அசலையே தின்றுவிடும். பலகையில் செய்தவர் யாருடைய வரலாற்றையும் தொடவில்லை. ஜப்பானின் இசே கோயிலை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை புது மரத்தால் மறுபடி கட்டுகிறார்கள். 2013-இல் நடந்தது 62-ஆவது முறை. பழைய மரத்தைக் காப்பது அங்கே நோக்கமல்ல; கட்டத் தெரிந்த கையைக் காப்பது நோக்கங்களில் ஒன்று. பொம்மைத் துப்பாக்கியைக் கோயிலோடு ஒப்பிடுவதா என்று முகம் சுளிப்பவர்களுக்கு: ஒப்பிடுவது தகுதியை அல்ல, எதை அசல் என்று கொள்வது என்ற தீர்ப்பை.

முப்பரிமாண அச்சு எந்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அசலை வருடிப் பதிவுசெய்த கோப்பை எந்திரத்தில் கொடுத்துவிட்டால் மில்லிமீட்டர் பிசகாத உருவம் வந்துவிடுகிறது. கையால் அரம் போட்டு என்ன சாதித்தாய் என்று கேட்கலாம். உருவத்தில் எந்திரமே வென்றது, மறுக்கவில்லை. என் வாதப்படி அங்கே பொருள் மட்டும் வந்து சேர்கிறது, செயல் வரவில்லை. அச்சிட்டதை வாங்கிய பிறகும் அடுக்குக் கோடுகளைத் தேய்த்து, பூசி, தேய்மானம் போட உட்காருகிறவர்கள் அந்தக் கடைசிப் பகுதியில் செயலுக்குள் வந்துவிடுகிறார்கள்.

மூன்றாம் மறுப்பு அறத்தைப் பற்றியது, இதை மட்டும் முழுமையாகச் சமாளித்துவிட முடியும் என்று நான் பாவிக்கப் போவதில்லை. செய்வது துப்பாக்கி. கொல்வதற்கென்றே பிறந்த ஒன்றின் உருவத்தை இத்தனை அன்போடு இழைப்பது மனத்தை எதற்குப் பழக்குகிறது? கற்பனைத் துப்பாக்கிதானே என்று தப்பிக்க முடியாது, ஏனென்றால் கற்பனைக்குள் இருப்பது உண்மையான மவுசர், உண்மையான ஸ்டெர்லிங். உருவம் உலகத்தில் வேலை செய்யும். 2014-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பூங்காவில் பொம்மைக் கைத்துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுச் சிறுவனைக் காவலர் சுட்டுக் கொன்றார்; பொம்மை என்று காட்டும் ஆரஞ்சு முனை அதில் இல்லை. பொம்மைத் துப்பாக்கிகளுக்கு அந்த முனை வேண்டும் என்று அமெரிக்கா 1988-இலேயே சட்டம் செய்திருந்தது. பிரிட்டன் 2006-இல் கொண்டுவந்த சட்டம் ஒரு படி மேலே போய், உண்மையானதிலிருந்து பிரித்தறிய முடியாத போலித் துப்பாக்கிகளைச் செய்வதையும் விற்பதையுமே குற்றமாக்கியது; திரைப்படம், நாடகம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. எதன் நகல் என்ற நம் கேள்வியைத்தான் இந்தச் சட்டமும் கேட்கிறது, ஆனால் தத்துவவாதிக்கு இருக்கும் அவகாசம் காவலருக்கு இல்லை. ஆகவே என் வாதத்துக்கு இங்கே ஒரு வரம்பு விழுகிறது. மூலத்துக்கு விசுவாசம் என்பது வீதியில் நிற்பவரின் அச்சத்துக்கு முன்னால் செல்லாது. நகல் வெளியே போகும்போது முனையில் ஆரஞ்சு நிறம் இருக்கத்தான் வேண்டும், அது எந்தக் காட்சியிலும் இல்லாவிட்டாலும். மனத்தைப் பழக்குவது பற்றிய கேள்விக்குப் பாதி விடைதான் என்னிடம் உண்டு. படக்குழு உண்மையான துப்பாக்கிக்குக் கற்பனை வேடம் போட்டது. பலகையில் செய்பவர் அந்த வேடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளிருந்த துப்பாக்கியை நீக்கிவிடுகிறார். அவர் செய்ததில் குண்டு நுழைய வழியே இல்லை. உருவத்தின் கவர்ச்சி அதனால் போய்விடுமா என்றால் போகாது. ஆயுதம் ஏந்தாத தெய்வங்கள் குறைவான ஒரு மரபில் இருந்துகொண்டு அந்தக் கவர்ச்சியை எளிதாகக் கண்டிக்கவும் எனக்கு வாய் வரவில்லை.

கடைசியாக ஒன்று. இத்தனை பொறுமையும் கைத்திறனும் இருக்கிறவர் தனக்கே உரிய ஒன்றைப் புதிதாகச் செய்யலாமே, பிறர் கற்பனைக்கு ஏன் அடிமை வேலை? டிக்கின் அதே நாவலில் இந்த மறுப்புக்கும் ஒரு பாத்திரம் இருக்கிறது. ஃபிராங்க் ஃபிரிங்க் பழங்கால கோல்ட் ரிவால்வர்களைப் போலியாகச் செய்யும் ஆலையில் வேலை பார்த்தவன். அதை விட்டுவிட்டு, எதையும் பார்த்துச் செய்யாத புதிய நகைகளைச் செய்யத் தொடங்குகிறான். வாசகரின் மனம் அவன் பக்கம் சாய்வது நியாயம். ஆனால் ஆலையில் நடந்த தவறு நகலெடுத்தது அல்ல, பழம்பொருள் என்று சொல்லி விற்றது. பலகைத் துப்பாக்கியைச் செய்பவர் அதை அசல் என்று யாரிடமும் சொல்வதில்லை. என்ன பைப், எந்தப் பசை, எங்கே தப்பு நேர்ந்தது என்று கேட்டவர்க்கெல்லாம் விவரிக்கிறார். மேலும், புதுமை என்ற அளவுகோலை இவ்வளவு கறாராக வைத்தால் ரோஜர் கிறிஸ்டியனின் குழுவும் தேறாது. மவுசர் அவர்களுடையதல்ல, குறிநோக்கி அவர்களுடையதல்ல, சுடர்மறைப்பும் அல்ல. ஃபிரிங்கின் நகைக்கும்கூட, உலோகத்தை அறுக்கவும் இழைக்கவும் அவன் கை கற்றது போலிகளைச் செய்த அதே ஆலையில்தான்.